வயதாக வயதாக பூல் (pool: கியூ என்ற கோலால் பந்தை அடித்து மேசையின் பாக்கெட்டில், அதாவது குழியில், விழவைக்கும் விளையாட்டு) ஆட்டம் இறங்குவது கண்ணாலா, கையாலா, மனசாலா?

நீலச்சாக்:
எனக்கு 51 வயது, நைன் பால் (ஒன்பது பந்தை எண் வரிசையில் குறிவைத்து ஆடும் பூல்) ஆட ஆரம்பித்து 24 வருடம் ஆகிறது. முப்பதுகளில் பிரேக்கில், அதாவது பந்துகளைக் கலைக்கும் முதல் அடியில், ஒரு பந்து விழுந்து, ஒன்றாம் பந்தும் திறந்து கிடந்தால் பல ரேக்குகளை (ஆட்டச் சுற்றுகளை) அப்படியே முடித்துவிடுவேன். இப்போது நாலைந்து பந்து போனதும் பந்தை ஓரமாக வெட்டி அடிக்க வேண்டிய நீளமான ஒரு கட் ஷாட் வந்து நிற்கும், அதோடு சரி. கண்தான் காரணம் என்பேன். நாற்பதைத் தாண்டினால் கண்ணில் இருக்கிற வில்லை இறுகிவிடுகிறது, கிட்டத்தில் உள்ள வெள்ளைப் பந்திலிருந்து ஏழடி தள்ளி இருக்கும் பந்துக்குப் பார்வை சட்டென்று தாவ மாட்டேன் என்கிறது. புரோகிரசிவ் கண்ணாடி போட்டுக் குனிந்தாலோ பார்வை மேல் விளிம்பு வழியாகப் போகிறது, அந்த இடம் தூரத்துக்கானது, வெள்ளைப் பந்து கலங்கித் தெரியும்.

இடக்கை:
அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள், கண் மேல் பழி போடுவது ரொம்பச் சுலபம். பிலிப்பைன்ஸ் பூல் வீரர் எஃப்ரென் ரேயஸ் 1954-ல் பிறந்தவர். 1999-ல் உலக நைன் பால் பட்டத்தை வென்றபோது அவருக்கு 44, 2006-ல் ஐந்து லட்சம் டாலர் பரிசுள்ள எட்டுப் பந்துப் போட்டியை வென்றபோது 52. பூலைவிடப் பெரிய மேசையில், இறுக்கமான பாக்கெட்டில் ஆடும் ஸ்னூக்கரில் ரானி ஓ'சல்லிவன் 46 வயதில் 2022 உலகப் பட்டத்தை எடுத்தார். பயிற்சி குறைந்துவிட்டது, அதுதான் விஷயம். இப்போதெல்லாம் நீங்கள் தனியாக மேசையில் நின்று ஒரே ஷாட்டை ஐம்பது தடவை அடித்திருக்கிறீர்களா?

நீலச்சாக்:
ரேயஸை வைத்து எல்லாரையும் அளக்க முடியாது தம்பி. அவருக்கு பந்து பாக்கெட்டில் போகாவிட்டாலும் சேஃப்டியும் (எதிராளிக்குச் சுலபமான அடி கிடைக்காமல் பந்தை நிறுத்துவது) கிக் ஷாட்டும் (வெள்ளைப் பந்தை மேசை விளிம்பில் மோதவிட்டு அடிப்பது) இருக்கின்றன, ஆட்டத்தை வேறு வழியில் எடுத்துவிடுவார்.

வெள்ளைப்பந்து:
நீங்கள் இரண்டு பேருமே மனசை விட்டுவிட்டீர்கள். ஸ்னூக்கரில் ஸ்டீபன் ஹென்ட்ரிக்கு ஏழு உலகப் பட்டம், கடைசியாக வென்றது 1999-ல், அப்போது வயது 30. அந்த வயதில் கண் எங்கே கெடும்? கியூவை நேராக முன்னால் தள்ள முடியாமல் கை தடைபடுவதைப் பற்றி அவரே பிற்பாடு பேசியிருக்கிறார். 2012-ல் ஓய்வை அறிவித்த அதே உலகப் போட்டியில் 147 (ஒரு ஃபிரேமில், அதாவது ஒரு சுற்றில், விடாமல் எடுக்கும் உச்சப் புள்ளி) அடித்தார், ஆக கையில் திறமை அப்படியேதான் இருந்தது. இளவயதில் ஒரு பந்து தப்பினால் அடுத்த ரேக்கில் மறந்துவிடுவோம். இருபது வருடம் ஆடினவனுக்கு அதே மாதிரி ஷாட்டில் தப்பியதெல்லாம் குனிந்தவுடன் ஞாபகம் வருகிறது. எனக்கு வருகிறது, அதனால் சொல்கிறேன்.

இடக்கை:
ஒரு ஃபிரேமில் 147 அடிப்பது வேறு, 17 நாள் அந்தத் தரத்தில் ஆடுவது வேறு. அந்தப் பதினேழு நாளுக்குத் தாங்குவது பயிற்சியால்தான் வரும். அப்புறம் எதிரில் நிற்பவர்களையும் பாருங்கள். பிரேக்கைத் தனியாகவே மணிக்கணக்கில் பழகிவிட்டு வருகிறார்கள், வெள்ளைப் பந்தை இடையில் நிற்கும் பந்தைத் தாண்டவைக்கும் ஜம்ப் கியூவை எடுத்தால் நீங்கள் வைத்த பாதி சேஃப்டி வீண். உங்கள் ஆட்டம் அதே இடத்தில் நின்றாலும் இறங்கின மாதிரிதான் தெரியும்.

குஷன்ராணி:
போன வருடம் மேசையின் தலைப்பக்கம் போனை நிறுத்தி என் ஆட்டத்தைப் படம் எடுத்தேன். முன்பு கியூ என் முகவாயை உரசிக்கொண்டு போகும், அதில் பார்த்தால் நாலு விரல் இடைவெளி! கழுத்து வலிக்கு பயந்து கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். தலை உயர்ந்ததும் இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஓட வேண்டிய கோடு ஒரு பக்கமாக நழுவிவிட்டது. யாரும் ஒரே நாளில் ஆட்டத்தை இழப்பதில்லை, உடம்பு ஒவ்வொரு வலிக்கும் ஒரு சின்ன சமரசம் செய்துகொள்கிறது. நீலச்சாக் அண்ணா, தப்புகிற பந்து எந்தப் பக்கம் தப்புகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

நீலச்சாக்:
எண்ணியதில்லை. நேற்று உட்கார்ந்து எண்ணினேன். ஒரே தூரம், ஒரே கோணம், இடது வெட்டு 25, வலது வெட்டு 25. வலதில் நாலு தப்பியது, இடதில் பதினொன்று. அந்தப் பதினொன்றும் ஒரே மாதிரி, பந்தை முழுசாகப் பிடித்துவிடுகிறேன், வெட்டு போதவில்லை.

குஷன்ராணி:
பார்வை மங்கல் மட்டும் என்றால் இரண்டு பக்கமும் சிதறியிருக்கும். ஒரு பக்கம் அதிகமாக, அதுவும் ஒரே விதமாகத் தப்பினால் தலை நிற்கிற இடத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

வெள்ளைப்பந்து:
தனியாக அடித்த கணக்கு இது. பக்கத்தில் ஆள் நிற்க, ஆட்டம் எட்டுக்கு எட்டு என்று சமமாக, கடைசி ரேக்கில் இருக்கும்போது அதே இடது வெட்டை அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா.

இடக்கை:
எதுவானாலும் அந்த ஐம்பதை வாரம் மூன்று நாள் அடியுங்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நேற்றுதானே எண்ணியிருக்கிறீர்கள்?

நீலச்சாக்:
ஆமாம், நேற்றுதான். சனிக்கிழமை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகவாயைக் கியூவில் வைத்து அதே இடது வெட்டு 25 அடிக்கிறேன். கழுத்து எத்தனை ஷாட் தாங்குகிறது என்றும் சேர்த்து எண்ணுகிறேன்.