ஓடும்போதே கார் நிற்கிறது, 20 நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது – பி0685, உதவி தேவை

கல்லடி ரீச்சர்:
வணக்கம். 2009 ஜப்பான் கார், பெற்றோல், ஓட்டோ கியர். மூன்று கிழமையாக நிம்மதி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுகிறது. திணறல் கிடையாது, இழுவை குறைவதும் கிடையாது, லைட்டை அணைத்த மாதிரி ஒரேயடியாக நிற்கும். திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. பொனட்டைத் திறந்துவைத்து 20 நிமிடம் நின்றால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும்.

போன திங்கள் அப்பாவைக் கிளினிக்குக் கூட்டிப்போகும்போது மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில், பாலத்தின் இணைப்பில் டயர் ஏறி இறங்கியதும் நின்றது. பின்னால் பஸ், உள்ளே அப்பா. அந்த 20 நிமிடத்தை மறக்க முடியவில்லை.

கராஜில் ஸ்கேனர் போட்டார்கள். பி0685 என்று ஒரு பிழைக் கோடு (code) வந்தது. எஞ்சின் பகுதிகளுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான மெயின் ரிலேயை மாற்றினார்கள். நான்கு நாள் ஓடியது, பிறகு பழைய கதைதான். இப்போது எஞ்சினை நடத்தும் கொம்பியூட்டரான ஈசியூ போய்விட்டது, மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் வரும் என்கிறார்கள். மாற்றியும் நிற்குமென்றால் நான் எங்கே போவேன்? அதற்கு முன் நாங்களே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? தம்பியிடம் மல்டிமீற்றர் இருக்கிறது.

செங்கலடி சாரதி:
அக்கா, சூடானதும் நிற்பது, ஆறியதும் ஓடுவது என்றால் பெற்றோல் பம்ப்தான். என் வேனுக்கும் இப்படித்தான் வந்தது. பம்பை மாற்றிப் பாருங்கள்.

அக்கரைப்பற்று வயரிங்:
பம்பை இப்போது மாற்ற வேண்டாம் ரீச்சர். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். கார் நின்றிருக்கும் நேரத்தில் திறப்பை ஓஃப் பண்ணித் திரும்ப ஓன் பண்ணும்போது, எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் டாஷ்போர்டில் எரிகிறதா? ஸ்டார்ட் பண்ணாமல், ஓன் மட்டும்.

கல்லடி ரீச்சர்:
நல்ல கேள்வி நானா, நான் கவனிக்கவே இல்லை. நேற்று மாலை காத்தான்குடி போகும் வழியில் திரும்ப நின்றது. பார்த்தேன். மற்ற லைட்டெல்லாம் எரிகிறது, அந்த மஞ்சள் லைட் மட்டும் இல்லை. ஓடத் தொடங்கிய பிறகு திறப்பை ஓன் பண்ணிப் பார்த்தால் எரிகிறது.

அக்கரைப்பற்று வயரிங்:
அப்போ பாதை தெரிந்துவிட்டது. பம்ப் மட்டும் பழுதென்றால் அந்த லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும். எரியவில்லை என்றால் ஈசியூவுக்கே மெயின் கரண்ட் போகவில்லை. தம்பி செங்கலடி, உங்கள் அனுபவம் பிழையில்லை, ஆனால் இந்த அடையாளம் வேறு.

பி0685 என்றால் 'ரிலே பழுது' என்று அர்த்தம் இல்லை. மெயின் ரிலேயை இழுக்கும் சர்க்யூட்டில் எங்கோ பிழை என்பதுதான் அதன் பொருள். ரிலே, அதன் சொக்கட், வயர், ஈசியூ நான்கும் அந்த ஒரே பிழைக் கோடுக்குள் அடக்கம். ரிலேக்குள் இரண்டு பக்கம் உண்டு. தடித்த பக்கம் பற்றரியிலிருந்து ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் பெரிய கரண்டைக் கொண்டுபோகும். மெல்லிய பக்கம் கொயில், அதாவது கரண்ட் ஓடினால் காந்தமாகித் தடித்த பக்கத்தை இணைக்கும் கம்பிச் சுருள். அதன் ஒரு காலுக்கு (சொக்கட்டில் சொருகும் பின்) 12 வோல்ட் வரும், மற்றக் காலைப் பல ஜப்பான் கார்களில் ஈசியூதான் எர்த் பண்ணும். எர்த் ஆனால்தான் ரிலே 'டிக்' என்று பிடிக்கும்.

இனி உங்கள் 20 நிமிடத்துக்கு வருகிறேன். ரிலேயைப் புதிதாக இழுக்க 7, 8 வோல்ட் வேண்டும். பிடித்த பிறகு பிடித்துவைக்க அதைவிட மிகக் குறைவு போதும். செம்புக் கொயில் சூடானால் அதன் தடை கூடும். 20 பாகையிலிருந்து 90 பாகைக்குப் போனால் கால்வாசிக்கு மேல் கூடும். ஆகவே கொயில் பக்கத்தில் ஒரு இணைப்பு லூசாக இருந்தால், ஓடும்வரை ஓடும். பாலத்து இணைப்பில் குலுங்கிக் கணநேரம் விட்டதும் ரிலே விழும். கொயில் சூடாக இருப்பதால் மீண்டும் இழுக்க வலு போதாது. ஆறினால் இழுக்கும். உங்கள் கார் செய்வது இதையேதான்.

அடுத்த முறை நிற்கும்போது, ஆறவிடாமல், திறப்பை ஓன் பண்ணி வைத்து அளக்க வேண்டும். முதலில் ரிலேயைக் கழற்றிக் கால்களை ஓமில் பாருங்கள். எந்த இரண்டு கால் 50 முதல் 120 ஓம் வரை காட்டுகிறதோ அதுதான் கொயில். திரும்பச் சொருகும்போது முழுக்க அமுக்காமல் ஒரு நூல் அளவு தூக்கி வையுங்கள், மீற்றர் ஊசியைக் காலிலேயே தொடலாம். பற்றரி நெகட்டிவிலிருந்து இரண்டு கொயில் கால்களிலும் எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். பிறகு ரிலே இருக்கும் பியூஸ் பொக்ஸைக் கழற்றிக் கவிழ்த்து, ஈசியூ எர்த் பண்ணும் காலுக்கு வரும் வயரில் அடிப்பக்கமாக அளந்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. எர்த் வயரில் டெஸ்ட் லாம்ப் வைக்காதீர்கள். அந்த ரிலேயின் கொயில் இழுப்பது அதிகம் போனால் கால் அம்பியர் அளவுதான். பெரிய பல்பை வைத்தால் ஈசியூவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் எரிந்துவிடலாம், அப்புறம் உண்மையாகவே ஈசியூ மாற்ற வேண்டிவரும்.

கல்முனை எப்எம்:
இதோடு ஒன்று. ஹோர்ன் ரிலேயை மாற்றிப்போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம்பரும் காலின் வரிசையும் ஒன்றாக இருந்தால் மட்டும் போடுங்கள். சில ரிலேக்குள் ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடும் டயோட் இருக்கும், பக்கம் மாறினால் ஷோர்ட் ஆகும்.

கல்லடி ரீச்சர்:
நானா, இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டு வாசலிலேயே நின்றது. முதல் தடவையாக நின்றதற்குச் சந்தோஷப்பட்டேன். தம்பி ஓடிவந்து அளந்தான்.

12 வோல்ட் வரும் கால்: 12.3. எர்த் பக்கக் கால்: 5.5. பொக்ஸைக் கவிழ்த்து அதே வயரில் அளந்தால்: 0.4. மூன்று தரம் பார்த்தோம், மாறவில்லை. வயரை விரலால் லேசாக ஆட்டியதும் ரிலே 'டிக்' என்றது, மஞ்சள் லைட் எரிந்தது!

அக்கரைப்பற்று வயரிங்:
ரீச்சர், உங்கள் ஈசியூ நல்லாக இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் அதைக் கழற்ற விடாதீர்கள்.

வயரில் 0.4 என்றால் ஈசியூ ஒழுங்காக எர்த் பண்ணுகிறது. அதே பாதையில் ரிலேயின் காலில் 5.5. அப்படியென்றால் நடுவில், சொக்கட்டுக்குள், 5.1 வோல்ட் வீணாகிறது. கொயிலுக்குக் கிடைப்பது 6.8 மட்டும், சூட்டில் அது இழுக்காது. புது ரிலே நான்கு நாள் ஓடிய காரணமும் இதிலேயே இருக்கிறது. புதுக்கால் சொருகும்போது களிம்பைச் சுரண்டி வழி திறந்தது, பிறகு திரும்ப மூடிவிட்டது.

பற்றரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சொக்கட்டுக்குள் அந்த எர்த் காலைக் கவ்வும் டெர்மினலை வெளியே எடுத்துப் படம் போடுங்கள்.

கல்லடி ரீச்சர்:
எடுத்தோம். ரிலேயின் காலைக் கவ்வ வேண்டிய இரண்டு இதழும் அகன்று வாய் பிளந்து கிடக்கிறது. மற்ற டெர்மினல்கள் இறுக்கமாக இருக்கின்றன, இது மட்டும் இப்படி. உள்ளே பச்சைத் தூள். வயரைக் கடித்திருக்கும் இடத்திலும் பச்சை ஏறி, நாலைந்து இழை அறுந்திருக்கிறது.

அக்கரைப்பற்று வயரிங்:
யாரோ எப்போதோ தடித்த ஊசியைச் சொருகி அளந்திருக்கிறார்கள். இதழ் விரிந்துவிட்டது. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றுக்கு அந்த இடைவெளி போதும். மாரி தொடங்கியதும் ஈரமும் சேர்ந்துவிட்டது.

இதழை நெருக்கிவிட்டு ஸ்பிரே அடித்து முடிக்க வேண்டாம், ஒரு மாதத்தில் திரும்பும். அதே அளவு புது டெர்மினல் வாங்கி, செம்பு பளிச்சென்று தெரியும்வரை வயரை வெட்டி, கிரிம்ப் பண்ண (அழுத்திக் கவ்வவைக்க) சொல்லுங்கள். பச்சை உள்ளே ஏறியிருந்தால் நல்ல செம்பு வரும்வரை வெட்டி, அதே தடிப்பில் ஒரு துண்டு சேர்க்கலாம். ரிலேயைச் சொருகும்போது கைக்கு இறுக்கம் தெரிய வேண்டும். பொக்ஸின் மூடி ரப்பரையும் பாருங்கள்.

செங்கலடி சாரதி:
நானா, நான் பம்புக்குக் காசு கொடுத்தேன். இப்போ யோசித்தால் என் வேனிலும் அந்த மஞ்சள் லைட் எரிந்ததா என்று பார்க்கவில்லை. இனி முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

கல்லடி ரீச்சர்:
பதினொரு நாள் ஆகிவிட்டது. டெர்மினல் மாற்றினோம், மூடி ரப்பர் ஒரு மூலையில் கிழிந்திருந்தது, அதையும் மாற்றினோம். தம்பி திரும்ப அளந்தான்: எர்த் காலில் 0.4, வயரிலும் 0.4. ஸ்கேனரில் அந்தப் பிழைக் கோடை அழித்தோம், திரும்ப வரவில்லை. நேற்று கொட்டும் மழையில் களுவாஞ்சிக்குடி போய் வந்தேன். இன்று அப்பாவைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். பாலத்து இணைப்பில் ஏறும்போது அப்பா கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தார். கார் நிற்கவில்லை. நானா, உங்களுக்கு அப்பாவும் நன்றி சொல்லச் சொன்னார்.