ஹைலேண்டர்: சாகாத மெக்லௌடுகளை முதலில் எங்கே சந்தித்தீர்கள்?

முதல் பதிவு, கிளாஸ்கோவிலிருந்து

ஹைலேண்டர் படத்தையோ தொடரையோ பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். தலையை வெட்டினாலொழியச் சாகாத சிலர், கடைசி ஒருவர் மிஞ்சும்வரை வாளால் மோதிக்கொள்ளும் கதை அது. படத்தின் நாயகன் கானர் மெக்லௌட், தொடரின் நாயகன் டங்கன் மெக்லௌட், இருவரில் யாரை முதலில் பார்த்தீர்கள், எந்தக் காட்சி மனதை விட்டுப் போகவில்லை, அதைச் சொல்லுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்காக ஸ்காட்லாந்து வந்த பிறகுதான் 1986-இல் வந்த அந்த முதல் படத்தைப் பார்த்தேன். கானர் 1518-இல் ஷீல் ஏரிக்கரையில் உள்ள கிளென்ஃபினனில் பிறந்தவன் என்று படம் சொல்கிறது. அந்த ஊர் நிஜமாகவே இருக்கிறது, வடமேற்கு மலைநாட்டில். போனேன். அங்கே வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் ஹாரி பாட்டர் ரயில் போகும் பாலத்தைப் படம் எடுக்க வந்தவர்கள். நான் ஏரிப் பக்கம் இறங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் மலை, நடுவே நீண்டு ஒடுங்கிய கறுப்புத் தண்ணீர். ஒரு மனிதன் ஐநூறு ஆண்டு இதை மறக்காமல் இருப்பான் என்பதை நம்ப அந்த இடம் போதும்.

அங்கிருந்து ஈலன் டோனன் கோட்டைக்குப் போனேன். படத்தில் மெக்லௌடுகளின் ஊராக வருவது அதுதான். உண்மையில் அது மெக்கன்ஸிகளோடும் மெக்ரேக்களோடும் சேர்ந்த கோட்டை. மெக்லௌடுகளின் கோட்டை ஸ்கை தீவில் உள்ள டன்வேகன். இன்னொன்றும் இருக்கிறது. 1719-இல் அரசாங்கப் போர்க்கப்பல்கள் ஈலன் டோனனைத் தகர்த்துவிட்டன. இருநூறு ஆண்டு இடிபாடாகக் கிடந்து, 1932-இல்தான் கட்டி முடித்தார்கள். அதன் வாசலுக்குப் போகும் கல்பாலமும் அந்தக் காலத்ததே. 1536-இல் போரில் குத்துப்பட்டுச் செத்த கானர் எழுந்து நடமாட, இவனுக்குள் பேய் புகுந்திருக்கிறது என்று சொந்த ஜனமே அடித்துத் துரத்துகிறதே, அந்த ஆண்டில் அந்தப் பாலமே கிடையாது.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் பாலத்தில் நின்றேன், ஆனாலும் நெஞ்சு கனத்தது. கானரை அடிப்பவர்கள் எதிரிகள் இல்லை, முந்தின நாள் அவனோடு சேர்ந்து போருக்குப் போனவர்கள். அவன் மேல் ஆசை வைத்திருந்த பெண்ணே அவனை எரிக்கச் சொல்கிறாள். சாகாவரம் என்று நாம் ஆசையோடு சொல்லும் ஒன்று அவனுக்கு முதலில் கொண்டுவந்தது ஊர்விலக்கம்தான். இந்தக் கதையை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அந்த ஒரு காட்சி காரணம். வாள்சண்டை எல்லாம் அதற்குப் பிறகு.

பாரிஸிலிருந்து

அண்ணா, எனக்கு டங்கன்தான் முதல். சின்ன வயதில் இங்கே வந்து சேர்ந்தபோது வீட்டில் இருந்த ஒரே பொழுதுபோக்கு தொலைக்காட்சி. பிரெஞ்சில் பேசும் ஸ்காட்லாந்துக்காரனாகத்தான் அவனை எனக்குத் தெரியும். டங்கனாக நடித்த அட்ரியன் பாலின் சொந்தக் குரலைக் கேட்டதே பல வருடம் கழித்து. இந்தத் தொடரில் பிரான்ஸின் கோமோன் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. 1992 முதல் 1998 வரை ஆறு பருவம், 119 பகுதி. பெரும்பாலான பருவங்களில் பாதியை வான்கூவரில் எடுத்துவிட்டு மீதிக்கு இங்கே வந்துவிடுவார்கள். டங்கன் சென் நதியில் ஒரு படகுவீட்டில் இருப்பான், எதிரே நோத்ர் தாம் கோயில். மொழி பிடிபடாத அந்த நாட்களில், நான் தினமும் கடந்து போகும் பாலமும் கரையும் திரையில் வந்ததால் இந்த ஊர் எனக்குக் கொஞ்சம் சொந்தமாகத் தெரிந்தது.

எனக்கு மறக்கவே முடியாதது டெஸாவின் சாவு. டங்கனோடு பல வருடம் வாழ்ந்த சிற்பி, சாதாரண மனுஷி. இரண்டாம் பருவத்தில் அவளை ஒருவன் கடத்துகிறான், டங்கன் மீட்டுவிடுகிறான். அப்பாடா என்று நாம் மூச்சு விடும்போது, தெருவில் காசு கேட்டு மறிக்கும் ஒரு பொடியன் பதற்றத்தில் துப்பாக்கியால் சுடுகிறான். டெஸாவும், அவர்களோடு தங்கியிருந்த இளைஞன் ரிச்சியும் விழுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ரிச்சி மட்டும் எழுந்திருக்கிறான். அவனும் சாகாதவர்களில் ஒருவன் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிகிறது.

நானூறு வருஷ வாள்வித்தை ஒரு தெருத்திருடனின் குண்டுக்கு முன்னால் எதுவும் செய்ய முடியவில்லை. ஒரே இடத்தில் இரண்டு பேர் விழுந்து ஒருவர் மட்டும் எழும்புவதை நான் திரைக்கு வெளியேயும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். எழும்பிய ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரிச்சியாக நடித்த ஸ்டான் கிர்ஷ் அந்த முகத்தைச் சரியாகக் காட்டினார். அவர் 2020-இல் இறந்துபோன செய்தி வந்த அன்று அந்தப் பகுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

வான்கூவரிலிருந்து

என் வேலை, கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக்கால் பொருத்தி நடக்கப் பழக்குவது. ஒரு நாள் இரவு சேனல் மாற்றும்போது தாடி வைத்த ஒருவர் கைத்தடியோடு நடந்து வருவதைப் பார்த்தேன். இடுப்பைத் தூக்கி எடுத்து வைக்கும் விதம், நிற்பதற்கு முன் எடையைச் சரிபார்த்துக்கொள்ளும் அந்த ஒரு கணம். இது நடிப்பு இல்லை என்று சட்டென்று புரிந்தது. தேடிப் பார்த்தேன். இந்தத் தொடரில் ஜோ டாசனாக வரும் ஜிம் பைர்ன்ஸ், 1972-இல் வான்கூவர் தீவில் நடந்த சாலை விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தவர். நல்ல ப்ளூஸ் பாடகரும்கூட. தொடரில் ஜோ வியட்நாம் போரில் கால்களை இழந்தவர், பிறகு மது விடுதி நடத்துகிறார், அங்கே கிடார் வாசித்துப் பாடவும் செய்கிறார்.

ஜோ ஒரு கண்காணிப்பாளர். சாகாதவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து, நடப்பதை எழுதி வைக்கும் ரகசியக் கூட்டம் அது. மணிக்கட்டில் பச்சை குத்தியிருப்பார்கள். பார்க்கலாம், எழுதலாம், தலையிடக் கூடாது. ஜோவுக்கு ஒதுக்கப்பட்ட ஆள் டங்கன். ஆனால் நண்பனாகிவிடுகிறார், அதனால் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார். காயமே தங்காத உடம்பு டங்கனுக்கு, ஜோவின் உடம்பில் ஒவ்வொரு நாளும் வலி. இந்த இரண்டு பேரை ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவிட்டதுதான் தொடரின் மிகப் பெரிய சாதனை என்பேன். என்னிடம் வருபவர்களில் இரண்டு மூன்று பேருக்கு ஜோவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் முதலில் கவனித்தது அந்த நடையைத்தான்.

மதுரையிலிருந்து

நான் பாட்டு வழியாக வந்தவன். குயீன் குழுவின் 1986 கேசட் ஒன்று அண்ணனிடம் இருந்தது. என்றென்றும் வாழ யாருக்கு ஆசை என்று கேட்கும் அந்தப் பாட்டை, படம் என்று ஒன்று இருப்பது தெரியாமலே பல காலம் கேட்டேன். குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மே எழுதியது, கானரின் மனைவி ஹெதர் கிழவியாகிக் கானரின் மடியில் சாகும் காட்சிகளைப் பார்த்துவிட்டு. ஃப்ரெடி மெர்க்குரி பாடியிருக்கிறார். சான்சிபாரில் பிறந்து நம் நாட்டில், பாஞ்ச்கனியில் படித்த பார்சி வீட்டுப் பையன். 1991-இல் அவர் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பாட்டை முன்போலக் கேட்க முடியவில்லை.

படத்தைப் பார்த்தபோது இன்னொரு விஷயம் பிடித்தது. தன் பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் ஹெதர் கண்மூடுகிறாள். ஏறக்குறைய நானூறு ஆண்டு கழித்து, நியூயார்க் தேவாலயத்தில் கானர் அதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் பரம எதிரி குர்கன் பக்கத்தில் வந்து உட்காருகிறான். புனித மண்ணில் சண்டை கூடாது என்பது சாகாதவர்களின் சட்டம். அதனால் வாளை எடுக்க முடியாது. பேச மட்டும்தான் முடியும், அந்தப் பேச்சு வாளை விட ஆழமாக வெட்டுகிறது.

மறுபடி கிளாஸ்கோவிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. பாரிஸ் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஒன்று கவனித்தீர்களா? டெஸா, ஜோ, ஹெதர். நாம் பேசியது முக்கால்வாசி சாகிறவர்களைப் பற்றி. எனக்கு இதில் ரேச்சலையும் சேர்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் கானர் காப்பாற்றி வளர்த்த சிறுமி. 1985-இல் நியூயார்க்கில் அவனுடைய பழம்பொருள் கடையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். பார்க்கிறவர்களுக்கு அவள் அவனைவிடப் பல வயது மூத்தவள். அவர்கள் விடைபெறும் காட்சி சின்னதுதான், ஆனாலும் ஒரு முழுப் படத்துக்கான கதை அதில் இருக்கிறது.

1991-இல் வந்த இரண்டாம் படம் சறுக்கியது இதனால்தான் என்று நினைக்கிறேன். சாகாதவர்கள் வேறு கிரகத்திலிருந்து வந்தவர்கள் என்று காரணம் சொல்லப் போனார்கள். பிறகு இயக்குநர் ரஸ்ஸல் மல்காஹியே தன் பதிப்பில் அந்தக் கிரகத்தை வெட்டி எடுத்தார். காரணம் யாருக்கு வேண்டும்? ஏன் சாகவில்லை என்று முதல் படம் சொல்லவே இல்லை, யாரும் குறையாக நினைக்கவும் இல்லை.

சேலத்திலிருந்து

நான் எதையும் பார்த்ததில்லை. இதைப் படித்த பிறகு பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

கிளாஸ்கோவிலிருந்து

முதல் படத்தைப் பாருங்கள், அதுவும் ஐரோப்பிய நீளப் பதிப்பை. அமெரிக்காவில் முதலில் வெளியானதில் ரேச்சலைக் காப்பாற்றும் காட்சியை வெட்டிவிட்டார்கள். அப்புறம் இரண்டாம் மூன்றாம் படங்களை விட்டுவிட்டு நேராகத் தொடருக்கு வாருங்கள். படத்தின் முடிவில் கானர் ஒருவன் மட்டுமே மிஞ்சுகிறான், தொடரோ அந்த முடிவே நடக்காததுபோல் தொடங்குகிறது. அது உறுத்தும், இரண்டு பகுதியில் பழகிவிடும். முதல் பகுதியில் படத்தில் கானராக நடித்த கிறிஸ்டோபர் லாம்பெர்ட்டே வந்து டங்கனைச் சந்திக்கிறார். முதல் பருவம் கொஞ்சம் தள்ளாடும். ஐயாயிரம் வயது மீத்தோஸ் வரும் மூன்றாம் பருவம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பருவத்தின் கடைசிப் பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டாம், பார்த்து முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள்.