சின் துணின்னா நடுவுல தையல் இருக்கணுமா, இல்லையா?

ரங்கூன் அக்கா:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தாரு, பர்மா மலையில இருக்கிற சின், கச்சின் இனத்துக்காரங்க துணி எல்லாமே நம்ம பழவேற்காட்டுத் துணியைப் பாத்து செஞ்சதுதானாம், அதுக்குன்னு தனியா அர்த்தம் ஒண்ணும் கிடையாதாம். படிச்சதுலேர்ந்து எனக்கு ஆறவே இல்ல. ரங்கூன் ஸ்காட் மார்க்கெட்டுல இந்தத் துணியை வாங்கி விக்கிறதுதான் எங்க வீட்டுப் பொழப்பு. சின் மலை ஊரான ஹாக்கா பக்கத்துப் போர்வையை விரிச்சுப் பாருங்க, நடுவுல நீளவாக்குல ஒரு தையல் ஓடும். ஏன் ஓடுது? இடுப்புத்தறி. பாவோட, அதாவது நீளவாக்கு நூலோட, ஒரு முனையைத் தூண்ல கட்டிட்டு இன்னொரு முனையைப் பட்டை போட்டு இடுப்புல மாட்டிக்கிட்டு நெய்யற பொண்ணு பின்னால சாஞ்சாத்தான் நூல் விறைக்கும், கை எட்டற அகலத்துக்கு மேல நெய்யவே முடியாது, அதான் ரெண்டு பட்டையா நெய்து ஒட்டுப் போடறாங்க. நம்ம ஊர்ல குழித்தறி, காலால மிதிக்கிறது. அதைப் பாத்து இது எப்படி வரும்?

வியாசர்பாடி பர்மாக்காரன்:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். 17ஆம் நூற்றாண்டுலயே பழவேற்காட்டுலேர்ந்து சிவப்பு நூலும் சிவப்புத் துணியும் பர்மாவுல பெகுவுக்குக் கப்பல்ல போயிருக்கு. சாயவேர்ச் சிவப்பு. இப்ப பாருங்க, கச்சின் பொம்பளைங்க பாவாடை சிவப்பு, கரென் இனத்துல கல்யாணம் ஆனவங்க கட்டறது சிவப்பு, சின் துணியிலயும் சிவப்பு. இத்தனை சிவப்பும் தானா வந்துச்சா? நம்ம பெருமையைச் சொன்னா நம்ம ஆளுங்களுக்கே ஏன் வலிக்குது?

மோல்மேன்காரன்:
அண்ணே, மலைக்காட்டுல அரக்கு கிடைக்குது. அரக்குல சிவப்பு எடுக்கலாம், அவுரியில நீலம் எடுக்கலாம். சிவப்பு வேணும்னா பழவேற்காட்டுக்குத்தான் வரணுமா? கரென்காரங்க இருக்கிற பா-ஆன் எங்க ஊர்லேர்ந்து கிட்ட. கரென் பொண்ணு கல்யாணம் ஆகற வரைக்கும் நீளமா வெள்ளை அங்கி, ஆனப்புறம் மேல கருப்புச் சட்டை, கீழ சிவப்புப் பாவாடை, சட்டையில புல்லுல காய்க்கிற வெள்ளை விதையைக் கோத்துத் தைப்பாங்க. பொண்ணைப் பாத்த உடனே கல்யாணம் ஆச்சா இல்லையான்னு தெரியும். அர்த்தம் இல்லங்கறீங்களே, இது என்ன?

வியாசர்பாடி பர்மாக்காரன்:
சிவப்புப் பாவாடைன்னு நீயே சொல்லிட்ட தம்பி. நன்றி.

ரங்கூன் அக்கா:
சிவப்பு சிவப்புன்னு சுத்தி வராதீங்க, தையலுக்குப் பதில் சொல்லுங்க. பழவேற்காட்டுத் துணியில நடுத்தையல் உண்டா?

பெகு வாசி:
அக்கா இவ்வளவு தையல் பேசறாங்களே, போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு என் தங்கச்சிக்கு அசல் சின் துணின்னு சொல்லிக் குடுத்தீங்களே, அதுல தையலே இல்லையே? நூலும் அக்ரிலிக். ரெண்டு தண்ணி பாக்கறதுக்குள்ள நூல் நூலா எந்திரிச்சிடுச்சு.

ரங்கூன் அக்கா:
அது விசைத்தறின்னு சொல்லித்தான் குடுத்தேன், அந்த விலைக்கு இடுப்புத்தறித் துணி வருமா? விலையைக் குறைங்க குறைங்கன்னு உங்க தங்கச்சிதான் நின்னுச்சு. அக்ரிலிக் நூலை இப்ப மலையில இருக்கறவங்களே போடறாங்க, கச்சின் பாவாடையிலயும் அது நிறைய வருது, அதுக்காக நெய்யறவங்க கை பொய்யாயிடுமா? சாமான் வேற, நெசவு வேற. இப்ப விஷயத்துக்கு வாங்க. பூ வேலை இருக்கே, அது துணி நெய்து முடிச்சப்புறம் ஊசியில போடறது இல்ல, தறியில இருக்கும்போதே முள்ளம்பன்றி முள்ளாலயோ விரலாலயோ பாவு நூலைத் தூக்கித் தூக்கி வேற கலர் ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலை, உள்ள விடறது. ஒரு வரிசை தப்புனா பிரிச்சு எடுக்கணும். அந்தக் காலத்துல எல்லாரும் எல்லாத் துணியும் போட்டுட முடியாது, ஊரைக் கூட்டி மாடு அடிச்சு விருந்து போட்ட குடும்பத்துக்குன்னு தனித் துணி, செத்தவங்க மேல போத்தறதுக்கு நல்ல துணி. ஹாக்கா வேற, தெட்டிம் வேற, மிண்டாட் வேற, துணியைப் பாத்தே எந்த ஊர்னு சொல்லிடுவாங்க. பிப்ரவரி 20 சின் தேசிய நாளுக்கு இங்க ரங்கூன்ல எப்படிப் போட்டுக்கிட்டு வராங்கன்னு வந்து பாருங்க, 1948ல சின் ஜனங்க ஃபாலம் ஊர்ல கூடி பரம்பரைத் தலைவருங்க ஆட்சி வேணாம்னு முடிவு பண்ண நாள் அது. அதைப் போய் நம்மளைப் பாத்து காப்பி அடிச்சதுன்னு சொல்ல எப்படி மனசு வருது?

தாட்டோன் தம்பி:
1964ல பர்மாவை விட்டுக் கப்பல் ஏறிப் போனவங்க பேரப்பிள்ளைங்க சென்னையில உக்காந்துக்கிட்டு எங்களுக்குப் பர்மா பாடம் எடுக்கறாங்க. ஒரு தடவையாவது சின் மலைக்கு ஏறியிருப்பாரா?

வியாசர்பாடி பர்மாக்காரன்:
யாரைடா சொல்ற? எங்க தாத்தா ஆசைப்பட்டா கப்பல் ஏறினாரு? கடையைச் சர்க்கார் எடுத்துக்கிட்டு வெறுங்கையோட அனுப்பிச்சது. இருந்தவங்க மட்டும் பெரிய தியாகியா? உங்க வீட்டுல எத்தனை பேருக்கு ஒழுங்கா தமிழ் எழுதத் தெரியும்?

தாட்டோன் தம்பி:
இதோ எழுதறேனே. பள்ளிக்கூடம் இல்லாத காலத்துல கோயில் திண்ணையில கத்துக்கிட்ட தமிழ்ணே இது, கொறச்சுப் பேசாதீங்க.

மோல்மேன்காரன்:
ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா. தாத்தாவை எல்லாம் இழுக்காதீங்க. அக்கா, ஒண்ணு கேக்கறேன். சின்ல ஒல்லியா ஒரே பட்டையில நெய்யற சால்வையும் இருக்கே, அதுல தையல் வராதே?

ரங்கூன் அக்கா:
தம்பி, நான் போர்வையைச் சொல்றேன். அகலத் துணியைச் சொல்றேன். சால்வைக்கு எதுக்குத் தையல்?

வியாசர்பாடி பர்மாக்காரன்:
பாத்தீங்களா, இப்ப மாத்திட்டாங்க. முதல்ல சின் துணின்னாங்க, இப்ப போர்வையாம்.

ரங்கூன் அக்கா:
மேல போய்ப் படிங்க, ஹாக்கா போர்வைன்னுதான் எழுதியிருக்கேன். கண்ணு தெரியலன்னா நான் என்ன செய்ய? தறியே வேறன்னு சொல்லியாச்சு, ஏன் வேறன்னும் சொல்லியாச்சு. நடுத்தையல் போட்ட பழைய பழவேற்காட்டுத் துணி ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, படம் போடுங்க.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
பெகுவுக்கு வந்த சிவப்பு நூல் எங்க போச்சுன்னு நீங்க சொல்லுங்க, நான் படம் போடறேன்.

பெகு வாசி:
நூல் எங்கயோ போகட்டும். என் தங்கச்சி துணியை ஞாயித்துக்கிழமை கடைக்கு எடுத்துட்டு வரேன், மாத்திக் குடுப்பீங்களா மாட்டீங்களா, அதை முதல்ல இங்கயே எல்லார் முன்னாடியும் சொல்லுங்க அக்கா.