“ஆண்டவன் கணக்கு”ன்னு சொல்றது ஆறுதலா, வாயை அடைக்கறதா?

தோப்புக்காரன் (ஆனைமலை)
வணக்கமுங்க. நாலு ஏக்கரா தென்னந்தோப்பு, அப்பாரு காலத்துல வெச்சது. முதல்ல சுருள் வெள்ளை ஈ வந்துது. 2016ல நாட்டுலயே முதமுதலா எங்க பொள்ளாச்சிப் பக்கந்தான் அதைக் கண்டாங்க. எப்படியோ சமாளிச்சோம். அடுத்து வேர் வாடல். ஓலையெல்லாம் விலா எலும்பாட்டம் வளைஞ்சு தொங்கிப் போச்சு. குரும்பை கொட்டுது. 110 மரம் அறுக்கோணும். அதே வருசம் அம்மாவுக்குப் பக்கவாதம், வலது கையும் பேச்சும் போச்சுங்க. வரப்புக்கு அக்கட்டால பங்காளி தோப்பு பச்சைப் பசேல்னு நிக்குது.

ஒறம்பரை வர்றவங்க காப்பியக் குடிச்சுப் போட்டு ஒரே பேச்சுத்தான் பேசறாங்க: “ஆண்டவன் ஒரு கணக்கு வெச்சிருப்பான், நம்பு.” நானும் சாமி கும்புடறவந்தானுங்க, கிருத்திகை தவறுனதில்ல. ஆனா இந்த வார்த்தையக் கேட்டா இப்பெல்லாம் எரிச்சலாத்தான் வருது. தப்புங்களா?

ஈரோட்டுக் குசும்பு
தப்பே இல்லைங்க. வேர் வாடலுக்குக் காரணம் பைட்டோபிளாஸ்மாங்கற, பாக்டீரியா மாதிரி ஒரு நுண்ணுயிரி. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதை மரத்துக்கு மரம் கொண்டு போகுது. கேரளாவுல நூறு வருசத்துக்கு மேல இருக்கற நோய்தான். பக்கவாதம்னா மூளைக்குப் போற ரத்தம் தடைப்படறது. இதுல கணக்குப்பிள்ளை யாரும் இல்லை.

தோப்புக்காரன்
பூச்சி தெரியுமுங்க. வேளாண்மை ஆபீசர் வந்து காட்டிட்டுத்தான் போனார். அந்தப் பூச்சிக்கு வரப்பு தெரியாதே, அக்கட்டால ஏன் போகலைங்கறதுதான் என்ற கேள்வி.

காங்கேயம் காளை
அண்ணா, அவசரப்படாதீங்க. எங்க சிவன்மலைல ஆண்டவன் உத்தரவுப் பெட்டி கேள்விப்பட்டிருப்பீங்க. ஏதோ ஒரு பக்தர் கனவுல ஒரு பொருள் வரும். சன்னதில பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கெடைச்சா அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பாங்க. அடுத்த கனவு வர்ற வரைக்கும் அதுதான். மண்ணு வெச்சிருக்காங்க, தண்ணி வெச்சிருக்காங்க. வெக்கற அன்னிக்கு ஒருத்தருக்கும் அர்த்தம் தெரியாது, நடந்தப்பறந்தான் ‘அட’ம்போம். உங்க கஷ்டமும் பெட்டிக்குள்ள வெச்ச பொருளாட்டந்தானுங்க. அர்த்தம் பின்னால வரும்.

ஈரோட்டுக் குசும்பு
நடந்த பிறகுதான் அர்த்தம் தெரியும்னா அது உத்தரவா, விடுகதையா? தண்ணி வெச்சா வெள்ளம் வந்தாலும் பொருந்தும், வறட்சி வந்தாலும் பொருந்தும். மண்ணு வெச்சா நிலத்து வெலை ஏறினாலும் சரி, எறங்கினாலும் சரி. தோக்கவே முடியாத ஆட்டத்துல ஜெயிக்கறதுக்கு எதுக்குங்க சாமி?

காங்கேயம் காளை
மழையில்லாம கெணறு வத்திக் கெடந்தப்ப எங்க அமுச்சி மலைக்குப் போய் அந்தப் பெட்டியப் பாத்துட்டு வந்துதான் அடுப்பு மூட்டும். அந்தத் தைரியத்துலதான் காட்டை விக்காம இருந்தோம். உங்க ஈரோட்டுல இருந்து யாரும் வந்து தைரியம் சொல்லலீங்க.

ஈரோட்டுக் குசும்பு
வித்தவங்க கதை என்ன ஆச்சுன்னு யாராச்சும் கணக்கெடுத்தாங்களா? நம்பி ஜெயிச்சவன் மட்டுந்தான் கோயில் வாசல்ல நின்னு பேசறான். நம்பித் தோத்தவன் எங்கயோ ஓட்டல்ல தட்டுக் கழுவிட்டு இருப்பான்.

பவானிக்காரி
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. ஒம்பது வருசத்துக்கு முந்தி எங்க வீட்டுக்காரரு பையனுக்குப் பொரி வாங்கப் போனவரு, லாரி அடிச்சுப் போயிட்டாரு. கருமாதிக்கு வந்த ஒரு பெரியம்மா, “போன சென்மத்துல என்ன பண்ணுனியோ சாமி”ன்னு சொல்லுச்சு. பையனுக்கு அப்ப ஆறு வயசு. ராத்திரி படுக்கைல கேட்டான், “அம்மா, நீ என்ன தப்புப் பண்ணுனே?”

காளை தம்பி, அர்த்தம் பின்னால வரும்ங்கறீங்க. எனக்கு இன்னும் வரலீங்க. வந்தாலும் வேண்டாம். அவன் அப்பன் இல்லாமப் போனதுதான் சரின்னு காட்டற அர்த்தத்த வெச்சு நான் என்ன பண்றது?

குசும்பு அண்ணா, நீங்க இதுக்குக் கை தட்ட வேண்டாம். ஆடிப் பதினெட்டுக்கு நான் கூடுதுறைக்குப் போவேன், ஆத்துல தலை முழுகிக் கும்புடுவேன். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

ஓய்வுபெற்ற தமிழையா (திருச்செங்கோடு)
அம்மணி எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். அந்தப் பெரியம்மா மாதிரியான பேச்சுக்கு எங்கள் ஊர்ப் பதிகத்திலேயே மறுமொழி இருக்கிறது. ஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூருக்கு, அதாவது இந்தத் திருச்செங்கோட்டுக்கு வந்தபோது கூட வந்த அடியார்களுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அப்போது பாடிய திருநீலகண்டப் பதிகம் இப்படித் தொடங்குகிறது:

“அவ்வினைக்கு இவ்வினை ஆமென்று சொல்லும் அஃதறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே”

அந்த வினைக்கு இந்த வினை என்று சொல்லத் தெரிகிறதே, பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்கிறார். வினை இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே என்று கடிகிறார். அடுத்த பாட்டு “காவினை இட்டும் குளம்பல தொட்டும்” என்று தொடங்கும். கா என்றால் சோலை. தோப்பு வைப்பதும் குளம் தோண்டுவதும் அவர் கணக்கில் வழிபாடு.

ஈரோட்டுக் குசும்பு
ஐயா, பாட்டு அருமை. ஆனா இந்தத் திரியத் தொடங்குனவரே தோப்பு வெச்ச குடும்பந்தான். தோப்பு வெச்சவனுக்கே இந்தக் கதின்னா? அப்புறம், காய்ச்சல் வந்தப்ப அவர் தேடுன ‘உய்வினை’ ஒரு பதிகம். நான்னா ரத்தப் பரிசோதனைக்குப் போவேன்.

ஓய்வுபெற்ற தமிழையா
போங்கள், யார் தடுத்தார்கள்? கோவையில் பிளேக் பரவிய காலத்தில் சனங்கள் ஊரைக் காலி செய்து காட்டில் குடிசை போட்டார்கள். அவர்களேதான் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலும் எடுத்தார்கள். ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்யக்கூடாது என்ற சட்டம் உங்களுடையது, அவர்களுடையது அல்ல.

ஈரோட்டுக் குசும்பு
குடிசை போட்டதுதான் காப்பாத்துச்சு. பேரு மட்டும் மாரியம்மனுக்கு. 2021ல இருகூர் பக்கம் கொரோனா தேவி கூட வந்தாச்சு, அதுக்கும் பேரு குடுங்க. சரி, பாட்டுக்குப் பாட்டு நானும் சொல்றேன். புறநானூறு 194, பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டுல சாப்பறை, இன்னொரு வீட்டுல கல்யாண முழவு. அதைக் கேட்டுட்டு என்ன சொல்றாரு? “படைத்தோன் மன்ற அப்பண்பி லாளன்.” படைச்சவன் பண்பு கெட்டவன். வரப்புக்கு இந்தப் பக்கம் வாடல், அந்தப் பக்கம் பச்சை. அதே பாட்டுத்தானே?

ஓய்வுபெற்ற தமிழையா
அதேதான், மறுக்கவில்லை. ஆனால் திட்டுவது உங்கள் கட்சிக்கு மட்டும் சொந்தமில்லை. சேர மன்னர் சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையெல்லாம் திருமுருகன்பூண்டியில் வேடர்கள் பறித்துக்கொண்டதும் சுந்தரர் என்ன செய்தார்? “எல்லாம் அவன் செயல்” என்று போய்விடவில்லை. இத்தனை கொள்ளை நடக்கிற ஊரில் “எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே” என்று சாமியையே பாட்டுக்குப் பாட்டு கேட்டார். வேடராக வந்தவர்கள் சிவனின் பூதகணங்களே என்பது புராணம். ஏன் பறித்தான் என்பதற்கு அங்கே பெரிய விளக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். சண்டை நடந்தது, உறவு முறியவில்லை.

காங்கேயம் காளை
ஐயா, பொன்னு திரும்பி வந்துதல்லங்க?

பவானிக்காரி
அவருக்கு வந்துது.

மட்டுறுத்துநர்
கொரோனா தேவி பற்றி வந்த 14 பதிவுகளை வேறு திரிக்கு மாற்றியிருக்கிறேன். அந்தப் பதிவுகளில் குறளை வைத்து அடித்துக்கொண்ட இருவருக்கும்: 380இல் ஊழை மிஞ்ச எதுவுமில்லை என்பவரும், 620இல் ஊழையே புறங்காணலாம் என்பவரும் ஒரே ஆள்தான். போதும்.

ஈரோட்டுக் குசும்பு
தோப்புக்காரரே, உங்களை விட்டுட்டு நாங்க பாட்டுக்குப் பேசிட்டு இருக்கோம். மரத்தை எடுத்தப்பறம் அந்தக் குழில புதுக் கன்னு நடறதுன்னா, வாடலைத் தாங்கற ரகம்னு காயங்குளம் ஆராய்ச்சி நிலையத்துல கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீன்னு வெளியிட்டிருக்காங்க. நாத்து எடுக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேளுங்க. எடுக்கப் போற அன்னிக்கு வண்டியோட நானும் வர்றேன். சாமி விசயம் பேச மாட்டேன்.

தோப்புக்காரன்
வாங்க, பேசுனாலும் பரவால்லீங்க. எல்லாத்தையும் படிச்சேன். அம்மணி எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன்.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அம்மாவுக்குப் பேச்சுப் போச்சுன்னேனில்ல, முழுசாப் போகலீங்க. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருக்குது. “முருகா.” காப்பி வேணும்னாலும் முருகா, முதுகு அரிச்சாலும் முருகா, பேத்தி வந்தாலும் முருகா. அதிசயம்னு நெனைச்சு டாக்டரக் கேட்டேன். நெதமும் சொல்லிப் பழகுன வார்த்தை சில பேருக்கு அப்படி நின்னு போகும்னாரு.

இன்னிக்குக் காலைல முதல் மரம் அறுத்தோம். மிசின் சத்தம் சாளைக்குக் கேட்டிருக்கும். உள்ள போனேன், ஜன்னலப் பாத்துட்டு “முருகா”ன்னாங்க. கும்புட்டாங்களா, திட்டுனாங்களா, என்னன்னு கேட்டாங்களான்னு தெரியல. ஜன்னலச் சாத்திட்டு வந்து ரெண்டாவது மரத்துக்குக் கவுறு கட்டுனேன்.