மறு: ஸ்வாஷ், ஸ்க்ரிப்ட் ஃபான்ட் – தமிழ்ல என்ன போடலாம்?

கொடைக்கானல்லேர்ந்து:
எல்லாருக்கும் வணக்கம். இங்க மகளிர் குழுவுக்கு லேபிள் டிசைன் வகுப்பு எடுக்குறேன், திங்கக்கிழமை கையேடு அச்சுக்குப் போகணும். ஹெர்மன் ஸாஃப் பண்ண ஸாஃபினோங்கிற ஃபான்டைத்தான் (1998, லினோடைப் கம்பெனி) உதாரணமா காட்டுறேன். அதுல எஃப், ஜி எல்லாம் மேலயும் கீழயும் நீண்டு ஓடும், ஒரே எழுத்துக்குப் பல வடிவம் இருக்கும். கையால எழுதின மாதிரி இருக்கிற இந்த ஸ்க்ரிப்ட் ஃபான்டுக்கு 'கையெழுத்து'ன்னு போட்டா பேங்க்ல போடுற கையெழுத்துன்னு நினைக்கிறாங்க. ஸ்வாஷ்னு சொல்ற அந்த நீண்ட அலங்கார வாலுக்கும் ஒரு பேர் வேணும்.

பெருமாள்மலையிலேர்ந்து:
அம்மா, பேர் ஏற்கெனவே இருக்கு, கீற்று. 'பு'வுல இறங்குறது இறங்கு கீற்றுன்னு நாங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தோம். கீறு, கீற்று. ஓலையில எழுத்தாணியால கீறினவங்க நாம, தென்னங்கீற்றும் அந்த வேர்தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி லை, ணை, னை, ளை நாலுக்கும் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு போட்டுத்தானே எழுதினோம், அதைவிட அழகான ஸ்வாஷ் எந்த மொழியில இருக்கு? 'தொல்லை வடிவின எல்லா எழுத்தும்', எல்லா எழுத்துக்கும் பழைய வடிவம்தான்னு நன்னூல் சொல்லியும் அதை வெட்டிட்டாங்க, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

வத்தலக்குண்டுலேர்ந்து:
ஐயா, துதிக்கையை எடுத்தா அது லை இல்ல, வெறும் ல. ஸ்வாஷை எடுத்தாலும் எழுத்து அதேதான் இருக்கணும், வித்தியாசமே அங்கதான். போன மாசம் மிளகு பாக்கெட் ஒண்ணு எங்க பிரஸ்ஸுக்கு வந்துச்சு, டிசைன் பண்ண பையன் அழகுக்குன்னு 'மி'யோட விலங்கு, அதாவது மேல இருக்கிற வளைவு, அதோட நுனியில ஒரு சுழி சுழிச்சு விட்டிருந்தான், படிச்சா 'மீளகு'! தமிழ்ல சுழி, கொம்பு, கீற்று, விலங்கு எல்லாமே எழுத்தோட உறுப்பு, அந்தப் பேரையே அலங்காரத்துக்கும் வச்சா பிள்ளைங்க உறுப்பையே இழுத்து விளையாடிடுவாங்க. அதனால வீச்சுன்னு வைங்க. கை வீச்சு, அருவா வீச்சு, வீச்சு பரோட்டா, யாருக்கும் அகராதி வேண்டாம். எழுத்துருவுக்கு வீச்செழுத்துரு. இன்னொண்ணு, அதைப் பொருளோட பேருக்கு மட்டும் போடச் சொல்லுங்க, எடையும் காலாவதி தேதியும் அதுல போட்டா ஒருத்தராலயும் படிக்க முடியாது.

பெருமாள்மலையிலேர்ந்து:
வீச்சுன்னா இயற்பியல்ல அலையோட வீச்சு, புள்ளியியல்லயும் வீச்சு இருக்கு. மூணாவதா ஒண்ணு எதுக்கு தம்பி?

பழனியிலேர்ந்து:
அலை பாடத்துல வர்ற வீச்சை லேபிள் வகுப்புல யாரும் குழப்பிக்க மாட்டாங்க ஐயா. என் ஓட்டு வீச்சுக்கு. ஆனா 'வீச்செழுத்துரு' வாயில வரல, வீச்சு ஃபான்ட்னே சொல்லுவாங்க, சொல்லட்டும்.

கொடைக்கானல்லேர்ந்து:
வீச்சுன்னே போட்டுடறேன், மிளகு பாக்கெட் உதாரணத்தையும் சேத்துக்கறேன் அண்ணே. ஐயா, உங்க கீற்றுக்கு அடிக்குறிப்பு ஒண்ணு போடட்டுமா?

பெருமாள்மலையிலேர்ந்து:
அடிக்குறிப்பு வேண்டாம்மா, கீற்றுன்னு தலைப்புலயே வரணும். அடுத்த பதிப்புக்கும் இதையேதான் எழுதுவேன்.