விடுதி வரவேற்பில் ஆங்கிலம்: எந்தப் பிழையை முதலில் திருத்துவது?

நிலாவெளி_பயிற்சி கேட்டது:

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வரவேற்பு மேசைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒரு ஆங்கிலக் குறிப்பு தயாரிக்கிறேன். சீசன் சூடு பிடிக்கமுதல் கையில் கொடுக்க வேணும். எல்லாரும் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வரைக்கும் படித்தவர்கள், இலக்கணம் ஓரளவு வரும். சிக்கல் வேறு இடத்தில். விருந்தாளி ‘ஃபிஃப்டீன்’ என்றால் 50 என்று எழுதிவிடுவார்கள். மின்னஞ்சலில் ‘குட் ஹாவ்’ (could have) போட வேண்டிய இடத்தில் ‘குட் ஒவ்’ (could of) போடுவார்கள். ‘டிஸ்கஸ் அபௌட்’ எல்லார் வாயிலும் வரும். எதை முதலில் எடுப்பது, எதை விட்டுவிடலாம்? ஏன் அந்தப் பிழை வருகிறது என்றும் சொன்னால் விளங்கப்படுத்த வசதியாக இருக்கும்.

கோணமலை_ரீச்சர்:

மற்றச் சொற்களைத் தொடமுதல் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டையும் எடுங்கோ. ஆகக் கூடிய குழப்பம் அங்கேதான்.

விருந்தாளி ‘டோன்ட் யூ ஹாவ் ஹொட் வோட்டர்?’ என்று கேட்கிறார். சுடுதண்ணி இல்லை. தமிழில் ‘சுடுதண்ணி இல்லையா?’ என்று கேட்டால் ‘ஓம், இல்லை’ என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்று ஒத்துக்கொள்ளும் ‘ஓம்’ அது. அதே ‘ஓம்’ ஆங்கிலத்தில் ‘யெஸ்’ ஆக வெளியில் வந்தால், சுடுதண்ணி இருக்கிறது என்று விருந்தாளி எடுத்துக்கொள்வார். ஆங்கில யெஸ்ஸும் நோவும் கேட்டவரின் நினைப்புக்குப் பதில் சொல்வதில்லை. சாமான் இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ. கேள்வி ‘டூ யூ’ என்று வந்தாலும் ‘டோன்ட் யூ’ என்று வந்தாலும் இது மாறாது.

மருந்து ஒன்றுதான்: தனிச்சொல்லில் பதில் சொல்லவே கூடாது. ‘யெஸ், வீ டூ.’ ‘நோ, வீ டோன்ட்.’ யெஸ்ஸுக்குப் பிறகு ‘டோன்ட்’ வந்தால் பிழை என்று பிள்ளைகளின் காதிலேயே உறுத்தத் தொடங்கும். ஏ.சீ., பார்க்கிங், வைஃபை, காலைச் சாப்பாடு, லோண்ட்ரி என்று விடுதியில் இருக்கிறவையும் இல்லாதவையும் கலந்து எதிர்மறைக் கேள்விகளாகவே கேட்டுப் பழக்குங்கோ.

இதன் தங்கச்சி ‘டூ யூ மைண்ட்’. ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ லீவ் மை பேக் ஹியர்?’ என்பது அனுமதி கேட்பதுபோல் ஒலித்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி ‘உங்களுக்கு ஆட்சேபனை உண்டா?’ என்பது. ‘யெஸ், யெஸ்’ என்று சிரித்தபடி சொன்னாலும், வைக்கக்கூடாது என்ற பொருள் அதில் நிற்கும். ‘நொட் அட் ஓல், ப்ளீஸ் லீவ் இட் ஹியர்’ என்று முழுதாகச் சொல்லட்டும்.

படகுத்துறை:

ரீச்சர் சொன்னது முற்றிலும் சரி. அதற்கு அடுத்தபடி எண்ணும் நேரமும்.

‘ஃபிஃப்டி’யில் அழுத்தம் முதல் அசையில், ‘ஃபிஃப்டீன்’இல் கடைசி அசையில் என்று பாடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். அதை மட்டும் நம்ப முடியாது. பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால், உதாரணமாக ‘ஃபிஃப்டீன் பீப்பிள்’, அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடும். காது பிடிக்க வேண்டியது கடைசி ‘ன்’ ஒலியை. அமெரிக்கர் வாயில் இன்னொரு தடயமும் உண்டு: ‘தேர்ட்டி’யின் நடு எழுத்து மென்மையாகி ‘தேர்டி’ போல வரும், ‘தேர்ட்டீன்’இல் அது கூர்மையாகவே இருக்கும். எப்படிக் கேட்டாலும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேணும்: ‘ஃபிஃப்டீன், வன் ஃபைவ்?’ ரூபாய்க் கணக்கில் 15,000-க்கும் 50,000-க்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

நேரத்தில் ‘ஹாஃப் சிக்ஸ்’ என்பதை எழுதி ஒட்டி வையுங்கோ. பிரித்தானியர் சொன்னால் 6.30. ஜெர்மன்காரரும் டச்சுக்காரரும் தங்கள் மொழியில் அரை ஆறு என்றால் 5.30, ஆங்கிலம் கதைக்கும்போதும் சிலருக்கு அந்தப் பழக்கம் வரும். புறாத்தீவுக்கோ திமிங்கிலம் பார்க்கவோ காலைப் படகு பதியும்போது ஒரு மணித்தியாலம் மாறினால் படகு போய்விடும். ‘சிக்ஸ் தேர்ட்டி’ என்று எண்ணாலேயே திருப்பிச் சொல்லுங்கோ. அமெரிக்கரின் ‘குவாட்டர் ஒவ் செவன்’ 6.45, 7.15 இல்லை. திகதியில் 05/06 என்றால் அமெரிக்கருக்கு மே 6, மற்றவர் பலருக்கு ஜூன் 5. மாதத்தை எப்போதும் பெயரால் எழுதுங்கோ. ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ வருகிற வெள்ளியா, அதற்கடுத்ததா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, ஆகவே அங்கேயும் திகதியைக் கேட்க வேணும்.

இன்னொன்று, இதுதான் ஆபத்தானது: ‘கான்’, ‘கான்ட்’. அமெரிக்க உச்சரிப்பில் இரண்டுக்கும் உயிரொலி ஒன்று, கடைசி ‘ட்’ பாதி விழுங்கப்படும். ‘ட்’டைத் தேடிக் காதைத் தீட்டிப் பயனில்லை. முடியும் என்றால் சொல் சுருங்கி ‘ஐ க்ன் ஈட்’ என்று ஓடும். முடியாது என்றால் நடுச்சொல் முழுதாக, அழுத்தமாக நிற்கும். இறால் ஒவ்வாமை உள்ளவர் ‘ஐ கான்ட் ஈட் ப்ரோன்ஸ்’ என்று சொல்லும்போது இது விளையாட்டு இல்லை. ‘ஸோ, நோ ப்ரோன்ஸ்?’ என்று உறுதிப்படுத்தப் போனால் மறுபடி யெஸ், நோ குழப்பத்துக்குள் விழுவீர்கள். ‘வித் ப்ரோன்ஸ் ஓர் விதவுட்?’ என்று இரண்டில் ஒன்றைச் சொல்ல வைக்கிற கேள்வியாகக் கேளுங்கோ. பதில் ‘விதவுட்’ என்றால் அலர்ஜியா என்றும் கேட்டுச் சமையலறைக்கு எழுத்தில் கொடுங்கோ.

பலகை_எழுத்து:

எழுத்துப் பிழைகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

‘குட் ஒவ்’ எங்கள் பிள்ளைகளின் தனிப்பிழை இல்லை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தாராளமாக எழுதுகிறார்கள். வேகமாகச் சொல்லும்போது ‘ஹாவ்’ சுருங்கி ‘அவ்’ ஆகும். ‘ஒவ்’வும் சுருங்கி அதே ‘அவ்’ ஆகும். காது கேட்டதைக் கை எழுதுகிறது. ‘யூஸ்ட் டு’வில் முதல் சொல்லின் கடைசி எழுத்து விடுபடுவதும் அப்படியே, பக்கத்து ஒலி அதை விழுங்குகிறது. ‘ஃபோர் ஓல் இன்டென்ட்ஸ் அண்ட் பேர்ப்பஸஸ்’ என்பதைப் பலர் ‘இன்டென்ஸிவ் பேர்ப்பஸஸ்’ என்று எழுதுவதும் இந்த வகை. இப்படி, பிழையாகக் கேட்டுப் பொருள் பொருந்துகிற மாதிரி மாற்றிக்கொள்கிற சொற்களுக்கு 2003-இல் மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் ‘எக்கோர்ன்’ என்று பெயர் வைத்தார். ‘ஏகோர்ன்’ என்ற ஓக் மரக் கொட்டையின் பெயரை அப்படிப் பிழையாக எழுதியவர்களிடமிருந்தே அந்தப் பெயர் வந்தது. பயிற்றுவிப்பவர் தேடிப் படிக்க உதவும், பிள்ளைகளுக்குத் தேவையில்லை.

விடுதிப் பலகையில் முதலில் பார்க்க வேண்டியது ‘கொம்ப்ளிமென்டரி ப்ரெக்ஃபாஸ்ட்’. இலவசம் என்ற பொருளுக்கு ‘எல்’ எழுத்துக்கு அடுத்தது ‘ஐ’. அங்கே ‘ஈ’ போட்டால் ‘ஒன்றையொன்று நிறைவாக்குவது’ என்று வேறு சொல்லாகிவிடும். ‘எவ்ரிடே’ சேர்ந்து வந்தால் ‘அன்றாட’ என்று பொருள். தினமும் என்றால் இரண்டு சொல்லாகப் பிரிக்க வேணும். ‘ரூம்ஸ்’ என்ற பன்மையில் ‘எஸ்’ எழுத்துக்கு முன் அப்போஸ்ட்ரஃபி (மேலே போடும் ஒற்றைக் குறி) வேண்டவே வேண்டாம்.

உச்சரிப்பில் மூன்று: ‘ஸூட்’ என்று பிழையாக வாசிக்கப்படுகிற பெரிய அறையின் பெயர் ‘ஸ்வீட்’; ‘பஃபெட்’ இல்லை, ‘பஃபே’; ‘ரிஸீட்’இல் எழுதப்படும் ‘பீ’ ஒலிக்காது. ‘பீச்’, ‘ஷீட்’ இரண்டிலும் நெடிலை நெடிலாகவே சொல்ல வேணும், குறிலானால் இரண்டும் கெட்ட வார்த்தையாகிவிடும். தமிழில் குறில் நெடில் இருப்பதால் எங்களுக்கு இது சுலபம்.

‘டிஸ்கஸ் அபௌட்’, ‘ரிட்டேர்ன் பேக்’, ‘எக்விப்மென்ட்ஸ்’ எல்லாம் கடைசி. விளங்காமல் போகாது. ஆனால் ‘வீ வில் ரிவேர்ட்’ என்று எழுதுவதை உடனே நிறுத்துங்கோ. பதில் தருவோம் என்று நாங்கள் நினைத்து எழுதுகிறோம். பழைய நிலைக்குத் திரும்புவது என்றே பலர் வாசிப்பார்கள். ‘வீ வில் ரிப்ளை’ போதும்.

கோணமலை_ரீச்சர்:

ஒரு விஷயம் சேர்க்க வேணும். ‘ஷோர்ட் ஈட்ஸ்’, மதுவோடு கொறிக்கிற ‘பைட்ஸ்’, சாப்பாட்டுக் கடையை ‘ஹோட்டல்’ என்பது, இவற்றைப் பிழைப் பட்டியலில் போட்டுவிடாதேங்கோ. இவை இலங்கை ஆங்கிலம். பிள்ளைகள் வெட்கப்பட ஒன்றுமில்லை. விருந்தாளிக்கு விளங்காது என்பது மட்டும் தெரிந்திருக்க வேணும். ‘ஷோர்ட் ஈட்ஸ்’ என்று சொல்லி, ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் என்று கூடவே சொன்னால் முடிந்தது. ஆனால் ஹோட்டல் எங்கே என்று ஒருவர் கேட்டால் சாப்பிடவா, தங்கவா என்று கேட்டுவிட்டு வழி காட்டட்டும்.

நிலாவெளி_பயிற்சி:

மிகவும் நன்றி ரீச்சர், மற்றவர்களுக்கும். யெஸ் நோவும் ஒவ்வாமையும் முதல் நாள், எண்ணும் நேரமும் அடுத்த நாள் என்று வைக்கிறேன். ஒன்று மட்டும்: சரியாகக் கேட்கவில்லை என்றால் எப்படிக் கேட்பது? ‘வட்?’ என்றும் ‘கம் அகெய்ன்?’ என்றும் சொல்கிறார்கள்.

படகுத்துறை:

‘வட்?’ முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ‘கம் அகெய்ன்?’ நண்பர்களுக்குள் பரவாயில்லை. ‘ஸொறி, குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?’ மரியாதையானது, ஆனால் விருந்தாளி முழு வசனத்தையும் அதே வேகத்தில் திருப்பிச் சொல்வார், அதே இடம் மறுபடி காதில் விழாது. விளங்கின பகுதியைத் திருப்பிச் சொல்லி, விளங்காத இடத்தில் கேள்வியை வைப்பதுதான் வேலை செய்யும்: ‘யூ நீட் த போட் ஒன் ஸற்றர்டே அட் வட் டைம்?’ அப்போது அந்த ஒரு நேரத்தை மட்டும் மெதுவாகச் சொல்வார்.