இழை: ஐரிஷ் இசையின் ‘ரோல்’ – கமகமா, உருட்டா, சுழியா?

அனைவருக்கும் வணக்கம்.

ஐரிஷ் கருவியிசைக்குப் புதியவர்களுக்கான கேட்பு வழிகாட்டியில் ‘டியூன்’ = மெட்டு, ‘செட்’ (நிறுத்தாமல் அடுத்தடுத்து வாசிக்கும் சில மெட்டுகள்) = மெட்டுச்சரம் என்று முடிவாகிவிட்டது. ஒரு சுரத்தை விரல் சொடுக்குகளால் அணிசெய்யும் ‘ரோல்’ மட்டும் நிற்கிறது. வரைவில் ‘கமகம்’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் ‘சுழி’ என்று போடலாம் என்பது என் பரிந்துரை.

இரண்டு கட்டை டின் விசிலை (ஆறு துளைத் தகரக் குழல்) எடுத்துக்கொள்வோம். ஆறு துளைகளையும் மூடினால் ஷட்ஜம். மேல் மூன்றை மட்டும் மூடினால் மத்தியமம். மத்தியமத்தில் ஒரு நெடிய ரோல் வாசிக்க, அந்தச் சுரத்தை ஊதிக்கொண்டே மேல்கை விரல் ஒன்றைக் கண நேரம் தூக்கி வைக்க வேண்டும். இது ‘கட்’. அடுத்து, கீழ்க்கைச் சுட்டுவிரலால் நான்காம் துளையை ஒரு முறை தட்டி எடுக்க வேண்டும். இது ‘டேப்’. ஊதல் எங்கும் அறுவதில்லை. கேட்பவர் காதில் மத்தியமம் மூன்று முறை விழும். நடுவே இரண்டு சிறு சொடுக்குகள். ஜிக் என்னும் நடன மெட்டில் ஒரு சுற்றளவுக்கு (‘பார்’) ஆறு சிற்றசை என்றால், இந்த முழு அசைவும் அதில் மூன்றை நிரப்பும்.

அந்தச் சொடுக்குகளுக்குச் சுரம் என்று சொல்லத்தக்க நீளமே கிடையாது. கமகத்தில் சுரத்திலிருந்து சுரத்துக்குப் போகும் பாதைதான் உயிர். பெயர் கமகம் என்று இருந்தால், நம் இசையில் பழகிய காது இல்லாத ஓர் அசைவைத் தேடி ஏமாறும்.

---

> கமகத்தில் சுரத்திலிருந்து சுரத்துக்குப் போகும் பாதைதான் உயிர்

ஐயா, எல்லாக் கமகத்துக்கும் இது பொருந்தாதே. ஒரே சுரம் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையில் இரண்டாவது சுரத்தைக் கீழ்ச்சுரம் தொட்டு அழுத்துகிறோம், ஸ்புரிதம். ‘டேப்’ பும் கீழ்ச்சுரத்தைத் தொட்டு மீள்வதுதான். இசை படித்தவர்களுக்கு ஸ்புரிதம் என்றால் உடனே விளங்கும். புதுச்சொல் தேவையா?

அது வேண்டாம் என்றால் ‘உருட்டு’ இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் பொருளும் அதில் வந்துவிடுகிறது.

---

அம்மா, ஸ்புரிதம் நல்ல ஒப்பீடு. வழிகாட்டியில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டியது. ஆனால் அது ‘டேப்’ பில் பாதிக்குத்தான் சரி. ஸ்புரிதத்தில் கீழ்ச்சுரம் காதில் விழுந்தாக வேண்டும். இங்கே விழுந்தால் பிழை. புதிதாக வாசிப்பவர்கள் செய்யும் முதல் தவறும் இதுவே: கட், டேப் இரண்டையும் நீட்டிவிடுவார்கள், ஐந்து சமமான சுரங்களாகக் கேட்கும், தாளம் தளும்பும். மெதுவாகப் பயிலும்போதும் மூன்று மத்தியமங்கள்தான் நீள வேண்டும், சொடுக்குகள் நீளக் கூடாது.

இந்த வழக்கம் வந்த காரணத்தையும் பாருங்கள். பைக்குழலில் காற்று நிற்காமல் ஓடுகிறது, நாவால் அறுக்க வழியில்லை. ஒரே சுரம் இருமுறை வந்தால் இடையில் விரலைச் சொடுக்கித்தான் பிரிக்க முடியும். ஸ்காட்லாந்துப் பைக்குழலில் இது கட்டாயம். ஐரிஷ் இலியன் பைப்ஸில் குழல் நுனியைத் தொடைமேல் வைத்து அடைத்தும் ஒலியை நிறுத்தலாம். ஆனாலும் விரல் முறை தங்கிவிட்டது. ஆகவே ‘கட்’ ஒரு பிரிப்பு. ‘வெட்டு’, ‘தட்டு’ என்ற சொற்களே போதும்.

‘உருட்டு’ இன்று பொய்யாக அளப்பதைக் குறிக்கும் பேச்சுவழக்காகிவிட்டது. தலைப்பில் வைத்தால் இளைஞர்கள் வேறு மாதிரிதான் படிப்பார்கள். அதோடு ஃபிடிலில் (வயலின்) எதுவும் உருளுவதில்லை. ஒரே வில்லிழுப்பில் இடக்கை விரல்கள் மேலே ஒன்று, கீழே ஒன்று தொட்டு மீள்கின்றன. சுரத்தைச் சுற்றி ஒரு வளையம். மெட்டுகளை எழுத்துகளால் எழுதும் ஏபிசி குறிமுறையிலும் ரோலுக்குச் சுரத்தின் முன் ஒரு வளைந்த அலைக்கோடுதான் போடுகிறார்கள். மூன்று சிற்றசை பிடிப்பது நெடுஞ்சுழி, முதல் சுரம் இல்லாமல் வெட்டிலேயே தொடங்கி இரண்டு பிடிப்பது குறுஞ்சுழி.

---

சுழிக்கு என் வாக்கு. வெட்டு, தட்டு, நெடுஞ்சுழி, குறுஞ்சுழி என்ற நான்கையும் ஏற்கலாம்.

ஆனால் வழிகாட்டியின் கேட்பு வரிசை இந்தச் சொல்லுக்கு உதவவில்லை. போத்தி பேண்டை முதலில் வைத்திருக்கிறோம். அற்புதமான குழு, ஆனால் பூசூக்கி என்ற தந்திக் கருவியும் கிளாவினெட் என்ற மின் விசைப்பலகையும் பின்னால் அதிரும்போது புதியவருக்குச் சுழி தனியாகக் கேட்காது. தனி வாசிப்பில் தொடங்க வேண்டும். மேரி பெர்கின் 1979-இல் வெளியிட்ட டின் விசில் இசைத்தட்டு இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். வெட்டும் தட்டும் ஊசிமுனைத் துல்லியம். அடுத்து மாட் மொல்லாயின் மரப்புல்லாங்குழல். பிறகு கிளேர் பகுதியின் மார்ட்டின் ஹேய்ஸ். அவர் ஃபிடிலை நிதானமாக வாசிப்பதால் மெட்டின் எலும்புக்கூடு தெரியும். ஸ்லைகோ பகுதி ஃபிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் (1891–1945) பதிவுகள் அதன்பின். இரைச்சல் நிறைந்த பழைய இசைத்தட்டுகள், முதல் நாளே கொடுத்தால் ஓடிவிடுவார்கள்.

அயர்லாந்தின் டோனகல் பகுதி ஃபிடிலைச் சுழிக்கு எடுத்துக்காட்டாக வைத்திருப்பது தவறு. அங்கே சுழி குறைவு. வில்லைப் படபடவென்று மூன்று முறை அடிப்பதுதான் அதிகம்.

மெட்டுச்சரப் பகுதியில் நேரக் கணக்கைச் சேருங்கள். ரீல் என்னும் வேக நடன மெட்டுகள் பெரும்பாலானவற்றில் எட்டுச் சுற்றளவு கொண்ட இரு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை, மொத்தம் 32. வழக்கமான வேகத்தில் ஒரு முழுச் சுற்று அரை நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். மூன்று சுற்று வாசித்து அடுத்த மெட்டுக்குப் போவார்கள். ஆக, ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளச் சொன்னால் மாறும் இடம் பிடிபடும். எல்லாம் ஒரே பாட்டாகக் கேட்கிறது என்ற குறை அதோடு பாதி தீரும்.

---

வரிசையை மாற்றிவிட்டேன். இரண்டு சொற்கள் பாக்கி.

‘கிரான்’: கருவியின் அடிச்சுரத்தில் தட்டுவதற்குக் கீழே துளை இல்லை. அதனால் வெவ்வேறு விரல்களால் அடுத்தடுத்து வெட்டுகளே போடுகிறார்கள். சுழி வகையில் சேர்க்க முடியாது, தட்டு இல்லையே. ‘வெட்டுக்கொத்து’ என்று வைத்திருக்கிறேன்.

‘ஸ்லோ ஏர்’: வரைவில் ‘ஆலாபனை’ என்று உள்ளது. தாளக்கட்டு இல்லை என்பது சரி. ஆனால் இவை பெரும்பாலும் ஐரிஷ் மொழிப் பாடல்களிலிருந்து கருவிக்கு வந்தவை. சொற்களைத் தெரிந்துகொண்டு, அவற்றின் மூச்சுக்கேற்ப நிறுத்தி வாசிப்பதே நல்ல முறை. செய்யுளைத் தாளமின்றிப் பாடும் விருத்தம்தான் நெருக்கம். ‘விருத்த மெட்டு’ என்கிறேன். ஹார்ப் கலைஞர் கரோலனின் (1670–1738) மெட்டுகளை மட்டும் இந்தத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் அவை தாளத்தில் நடப்பவை.